கடிகார முகம் வைத்த கஃப்லிங்ஸ்

கும்மிடிப்பூண்டி
பிப்ரவரி 23

ஜெபா,

என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய். சரி, நேரில் பேசலாம் என்று ஆரணிக்கு வந்தால் உன் அப்பா வாசலிலேயே என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார். "ஜெபா தூங்கிக்கினு கீறா" என்றார். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் எந்தப் பெண்டாட்டி தூங்குவாள்? அதனால்தான் எங்கள் இரும்பு மில் பஸ் ஓட்டுகிற தேசப்பன் அண்ணனிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். காலையில் உங்கள் தெருமுனையில்தான் ஆள் ஏற்றுகிறார், சாயங்காலம் அங்கேயே இறக்கிவிடுகிறார். "புருஷன் பொண்டாட்டி சண்டையில என்னை இன்னாத்துக்குப்பா இழுக்கிறே" என்று அலுத்துக்கொண்டுதான் வாங்கினார்.

நான் பேசியது தப்பு. ஆறு மாத வயிற்றோடு உட்கார்ந்து பார்சல் கட்டிக்கொண்டிருந்தவளைப் பார்த்து, "செத்துப்போன வெள்ளைக்காரனுங்க பொத்தானை வெச்சிக்கினு ஊட்டை ரொப்பாதே" என்று சொல்லியிருக்கக் கூடாது. இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு வந்த எரிச்சலில் வாய் நீண்டுவிட்டது. வளையல் அடுக்கி அழைத்துப் போக வேண்டிய பெண்ணை இப்படி அனுப்பிவிட்டாயே என்று சர்ச்சில் எல்லாரும் என்னைத்தான் பார்க்கிறார்கள்.

நீ நெட்டில் விற்கிற பழைய கஃப்லிங்ஸ், அதுதான் அந்தச் சட்டைக்கை மாட்டிகள், வேண்டும் என்று உன் லேப்டாப்பில் மூன்று பேர் ஆர்டர் போட்டிருக்கிறார்கள். எது எது என்று எனக்குத் தெரியவில்லை. எழுதி அனுப்பினால் நானே கட்டி அனுப்புகிறேன்.

இன்னொன்று. சமாதானமாக இருக்கட்டும் என்று உனக்காக ஒரு வேலை செய்தேன். குட்டிக் கடிகார முகம் வைத்த ஒரு ஜோடி இருந்ததே, எண்ணெல்லாம் துருப் பிடித்த மாதிரி பழுப்பாக? கத்தி முனையால் கண்ணாடியைக் கழற்றி, எமரித் தாள் போட்டுத் தேய்த்து, சுத்தமாக ஊதிவிட்டேன். இப்போது புது எவர்சில்வர் தட்டு மாதிரி பளபளக்கிறது. பார்த்தால் நீயே சிரித்துவிடுவாய்.

இம்மானுவேல்

*

ஆரணி
பிப்ரவரி 25

உங்களுக்கு,

தேசப்பன் அண்ணன் ஹாரன் அடித்துத் தெருவையே கூட்டிவிட்டுத்தான் கடிதத்தைக் கொடுத்தார். அப்பா இன்னும் முறைத்துக்கொண்டிருக்கிறார். பிளாக்கை எடுக்க மாட்டேன். போனில் உங்கள் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன். எழுதினால் நன்றாகத் திட்டலாம்.

முதலில் வேலை. திருநின்றவூர்க்காரருக்குப் போக வேண்டியது முத்துச்சிப்பி ஜோடி. அடுத்த வாரம் அவருக்குக் கல்யாணம், தாமதம் கூடாது. நடுவில் சின்னச் சங்கிலி இருக்கும், அதுதான் அடையாளம். அந்தக் காலத்தில் சட்டைக் கையை நாடா போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் யாரோ இரண்டு பொத்தானைச் சங்கிலியால் கோத்துவிட்டார்கள். எல்லாக் கஃப்லிங்ஸுக்கும் அதுதான் தாய். அதனால் சங்கிலி வைத்ததில் இரண்டு பக்கமும் முகம் இருக்கும், எந்தப் பக்கம் திரும்பினாலும் அழகு. பின்னால் வந்தவர்கள் சோம்பேறிகள், ஒரு பக்கத்தோடு நிறுத்திவிட்டார்கள்.

சேலத்துக்கு நீல எனாமல் போட்டது. ரெக்சின் பை பட்டன் மாதிரி அழுத்தினால் டப்பென்று ஒட்டும், இழுத்தால் பிரியும். நூறு வருஷத்துக்கு முந்தைய ஃபேஷன். கோயம்புத்தூருக்குக் கறுப்புக் கல். அது துக்க வீட்டுக்குப் போட்டுக்கொண்டு போவதற்கென்றே செய்தது. கேட்டு வாங்குகிறவர் அதைத் தெரிந்துதான் வாங்குகிறார், நீங்கள் பயந்துபோய்ச் சிலுவை எதையும் உள்ளே வைத்து அனுப்பாதீர்கள்.

இப்போது திட்டு. அந்தக் கடிகார ஜோடியை யார் தொடச் சொன்னது? அது துரு இல்லை, அழுக்கும் இல்லை. இருட்டில் பச்சையாக ஒளிர்கிற பெயின்ட். ஒளி செத்துப்போய் நிறம் மாறியிருந்தது. அந்தப் பழுப்புக்குத்தான் விலை. வாங்குகிறவர்கள் வயசைத்தான் வாங்குகிறார்கள், பளபளப்பை இல்லை. பின்பக்கம் திமிங்கில வால் மாதிரி மடங்குகிறதே, அதை வைத்து ஐம்பதுகளில் செய்தது என்று கண்டுபிடித்து எழுதியும் வைத்திருந்தேன். எல்லாம் போயிற்று. இனி அதை யார் வாங்குவார்கள்? நீங்களே மாட்டிக்கொண்டு மில்லுக்குப் போங்கள்.

பெட்டியில் இனி கை வைக்காதீர்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள். குழந்தை நன்றாக உதைக்கிறது, என் பக்கம்தான் என்று நினைக்கிறேன்.

ஜெபா

*

கும்மிடிப்பூண்டி
மார்ச் 5

ஜெபா,

இதைத் தனியாக உட்கார்ந்து படி. உன் அம்மா பக்கத்தில் இருந்தால் இப்போது பிரிக்காதே.

நேற்று மில்லில் பாதுகாப்பு தின விழா. இரும்புக் கழிவு யார்டில் இந்த வருஷம் யாருக்கும் அடிபடவில்லை என்று சூப்பர்வைசரான எனக்குக் கேடயம் கொடுத்தார்கள். மேடை ஏறவேண்டுமே என்று, நீ எக்ஸ்போர்ட் கம்பெனியில் இருந்தபோது கொண்டுவந்த வெள்ளைச் சட்டையை எடுத்தேன். அதில் கைப்பொத்தான் கிடையாது, கஃப்லிங்ஸ் போட்டால்தான் கை நிற்கும். நீயும் "நீங்களே மாட்டிக்கொண்டு போங்கள்" என்று எழுதியிருந்தாய். நக்கல் என்று தெரியும். இருந்தாலும் உன் சாமானைப் போட்டுக்கொண்டு நாலு பேர் முன்னால் நிற்க ஆசையாக இருந்தது. அந்தக் கடிகார ஜோடியைப் போட்டுக்கொண்டு போனேன்.

எங்கள் பின் கேட்டில் இரண்டு மஞ்சள் கம்பம் உண்டு. கழிவு ஏற்றி வருகிற லாரியெல்லாம் அதற்கு நடுவில்தான் வரவேண்டும். லோடில் கதிர்வீச்சு உள்ள பழைய சாமான் ஏதாவது கலந்திருந்தால் சைரன் ஊதும். நான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அது ஊதிக் கேட்டதில்லை. நேற்று ஆந்திராவிலிருந்து வந்த ஒரு லாரிக்குப் பக்கத்தில் நானும் டிரைவரோடு பேசிக்கொண்டே நடந்தேன். ஊதியது.

யார்டு முழுக்கக் காலி செய்துவிட்டார்கள். பாதுகாப்பு அதிகாரி பார்த்திபன் சார் கையில் கதிர்வீச்சு அளக்கிற மீட்டரோடு ஓடிவந்தார். லாரிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு டிரைவரை ஒரு அறையில் உட்காரவைத்தார்கள். வயசான மனிதர். "நைனா, பழைய சைக்கிள் இரும்புதான் நைனா, வேற ஒண்ணும் ஏத்தல" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறார்.

பார்த்திபன் சார் லோடைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஒன்றும் இல்லை. அவர் பக்கத்தில் நின்றிருந்த நான் நெற்றி வியர்வையைத் துடைக்கக் கையைத் தூக்கினேன். மீட்டர் கடகடவென்று கத்தியது. இறக்கினேன், அடங்கியது. வேண்டுமென்றே அடுத்த கையைத் தூக்கிப் பார்த்தேன். திரும்பவும் கத்தியது. அவர் லாரியையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மட்டும்தான் தெரிந்தது, ஜெபா.

கழற்றிக் கைக்குட்டையில் சுற்றி, தீயணைக்க மணல் போட்டு வைத்திருக்கும் சிவப்பு வாளிகளில் ஒன்றில் புதைத்துவிட்டேன். அப்புறம், தாமதமாகத் தொடங்கிய விழாவில் மேடையேறிக் கேடயம் வாங்கினேன். அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். கேடயம் கொடுத்த பெரிய அதிகாரி என் தோளைத் தட்டி, "எமோஷனல் ஆகாதீங்க" என்றார்.

டிரைவரை இன்னும் விடவில்லை, நானும் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. போனை அணைத்து வைத்திருக்கிறேன், யார் கூப்பிட்டாலும் உளறிவிடுவேன். என் பயம் மில்லைப் பற்றி இல்லை. நீ அந்த ஜோடியை எத்தனை நாள் கையில் வைத்திருந்தாய்? திறந்தாயா? டூத்பிரஷ் போட்டுத் தேய்த்தாயா? நூலைப் பல்லால் கடிப்பாயே, அந்த மாதிரி வாயில் வைத்தாயா? வயிற்றில் குழந்தையை வைத்துக்கொண்டு அதைத் தொட்டாயா? உண்மையைச் சொல். மறைக்காதே.

இம்மானுவேல்

*

ஆரணி
மார்ச் 6, காலை

பஸ் படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஷிஃப்ட்டுக்கு நேரமாகிறது என்று உள்ளே இருப்பவர்கள் கத்துகிறார்கள். கத்தட்டும். நேற்றே பிளாக்கை எடுத்துவிட்டேன். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேன், ஸ்விட்ச் ஆஃப்.

நான் திறக்கவில்லை. வாயில் வைக்கவில்லை. கண்ணாடிக்கு மேலே துணியால் துடைத்து, படம் எடுத்து, டப்பாவில் போட்டேன். அவ்வளவுதான். குழந்தைக்கு ஒன்றும் இல்லை. அதை நினைத்துப் பயப்படாதீர்கள்.

தப்பு என்னுடையது. பின்பக்கத்தைப் பார்த்து வயசு சொல்வதுதான் என் பழக்கம். சங்கிலியா, டப்பென்று ஒட்டுவதா, திமிங்கில வாலா, அதை வைத்தே காலம் சொல்லிவிடுவேன். வால் ஐம்பதுகளில் வந்தது, அது சரி. முன்பக்கத்தை யோசிக்கவில்லை. அது கஃப்லிங்ஸுக்காகச் செய்த முகமே இல்லை. யாரோ பெண்கள் கட்டுகிற பழைய கைக்கடிகாரத்தின் முகத்தைப் பெயர்த்து எடுத்து, புது வாலில் ஒட்டியிருக்கிறார்கள். அந்தக் கடிகாரம் அதற்கும் முந்தையது. அந்தக் காலத்தில் எண்ணுக்கு ரேடியம் கலந்து பூசுவார்கள். போனில் தேடித் தேடிப் படித்தேன். ஒளி செத்துப்போகும், ரேடியம் சாகாது. கண்ணாடிக்குள் இருக்கிற வரைக்கும் பெரிய ஆபத்து இல்லை. தூளாகி உள்ளே போனால்தான் ஆபத்து. எலும்பில் போய் உட்கார்ந்துகொள்ளுமாம்.

நீங்கள் தேய்த்து ஊதியிருக்கிறீர்கள். முதல் கடிதத்தில் நீங்கள்தான் எழுதியிருந்தீர்கள். நான் விலை போயிற்றே என்று திட்டிவிட்டுச் சும்மா இருந்துவிட்டேன்.

எங்கே உட்கார்ந்து தேய்த்தீர்கள்? எவ்வளவு நேரம்? மூக்கில் துணி கட்டினீர்களா? அந்தத் தூளை எங்கே கொட்டினீர்கள்? அப்புறம் கை கழுவாமல் சாப்பிட்டீர்களா? பார்த்திபன் சாரிடம் இன்றைக்கே சொல்லுங்கள். வேலை போனால் போகட்டும். அந்த டிரைவரையும் விடச் சொல்லுங்கள், பாவம்.

எனக்குக் கை ஓடவில்லை. தேசப்பன் அண்ணன், "எழுதும்மா, நான் சொல்லிக்கிறேன்" என்கிறார்.

ஜெபா

*

கும்மிடிப்பூண்டி
மார்ச் 9

ஜெபா,

உன் கடிதத்தைப் பஸ் நின்ற இடத்திலேயே படித்தேன். குழந்தைக்கு ஒன்றும் இல்லை என்ற வரியைப் படித்ததும் அங்கேயே மண்டியிட்டு ஜெபம் செய்தேன். மிச்சத்தைப் பிறகுதான் படித்தேன்.

பார்த்திபன் சாரிடம் சொல்லிவிட்டேன். வாளியையும் காட்டினேன். அவர் என்னைத் திட்டவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "எங்க ஊதுனீங்க, இம்மானுவேல்?" என்று மெதுவாகக் கேட்டார். டிரைவரை அப்போதே விட்டுவிட்டார்கள். போகும்போது என்னிடம் வந்து நின்றார். நாலு அறை கொடுப்பார் என்று நினைத்தேன். "நீ நல்லா இருக்கணும் நைனா" என்றார். அறைந்திருக்கலாம்.

நீ கேட்டதற்குப் பதில். கட்டிலில் உட்கார்ந்து தேய்த்தேன். மூக்கில் எதுவும் கட்டவில்லை. மில்லில் எவன் கட்டுகிறான்? வாயாலேயே ஊதினேன். உனக்குப் பிடிக்குமே என்று ஒவ்வொரு எண்ணாக நிதானமாகத் தேய்த்தேன். லுங்கியில் விழுந்ததை உதறினேன். அதே இடத்தில் உட்கார்ந்துதான் தயிர் சாதம் சாப்பிட்டேன்.

சென்னையிலிருந்து அதிகாரிகள் வந்தார்கள். தலை முதல் கால் வரை வெள்ளை உடை. தெரு மொத்தமும் மாடியில் நின்று பார்த்தது. மெத்தை, தலையணை, லுங்கி, துடைப்பம், என் போன், எல்லாவற்றையும் பையில் போட்டுக் கட்டிக்கொண்டு போனார்கள். கட்டில் பக்கத்துச் சுவரைச் சுரண்டினார்கள். உன் பெட்டியில் மற்ற ஜோடிகள் எல்லாம் சுத்தம், எதிலும் ஒன்றும் இல்லை. பார்சல் போன மூன்றும் பயப்பட வேண்டியதில்லையாம். என் சிறுநீர், ரத்தம் எல்லாம் எடுத்திருக்கிறார்கள். முடிவு வர நாளாகும். அதுவரை கம்பெனி ஓய்வறையில் படுத்துக்கொள்கிறேன்.

நீ வராதே. குழந்தை பிறந்தாலும் அங்கேயே இரு. நான் சொல்லும்வரை வராதே.

இம்மானுவேல்

*

ஆரணி
மார்ச் 14

உங்களுக்கு,

அந்த அதிகாரிகள் இங்கேயும் வந்தார்கள். என் கை, தலைமுடி, பை, புடவை, எல்லாவற்றின் மேலும் மீட்டரை ஓட்டினார்கள். வயிற்றுப் பக்கம் வரும்போது நான் மூச்சே விடவில்லை. ஒரு சத்தமும் இல்லை. அம்மா அந்த அதிகாரியின் கையைப் பிடித்து முத்தம் கொடுத்துவிட்டாள், அவர் கூச்சத்தில் நெளிந்தார்.

எல்லாரும் போன பிறகு எனக்கு வந்த பயம் முன்னால் வந்ததைவிடப் பெரிது. எனக்கும் குழந்தைக்கும் இல்லை என்றால், இருப்பதெல்லாம் உங்களிடம்தானே? நீங்கள் எனக்காக நிதானமாகத் தேய்த்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை என்னால் தாண்டிப் போக முடியவில்லை. அவசரமாகத் தேய்த்திருக்கக் கூடாதா? நாலு தேய் தேய்த்துவிட்டுச் சலித்துப் போட்டிருக்கக் கூடாதா?

உங்கள் புதுப் போன் நம்பரை தேசப்பன் அண்ணன் கொடுத்தார். அடிக்கிறேன், நீங்கள் எடுப்பதில்லை. இப்போது யார் யாரை பிளாக் செய்திருக்கிறார்கள்?

ஜெபா

*

கும்மிடிப்பூண்டி
ஏப்ரல் 2

ஜெபா,

முடிவு வந்துவிட்டது. கொஞ்சம் உள்ளே போயிருக்கிறது. "கொஞ்சம்தான்" என்றார் டாக்டர். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று கேட்டேன். ஏதோ எண் சொன்னார், எனக்குப் புரியவில்லை. வெளியே எடுக்க முடியுமா என்றேன். இவ்வளவு நாளான பிறகு முடியாதாம். வருஷத்துக்கு ஒரு தடவை வந்து காட்டச் சொல்கிறார். ஒன்றுமே ஆகாமலும் இருக்கலாம், பல வருஷம் கழித்து எலும்பில் ஏதாவது வரவும் செய்யலாம். அவருக்கே தெரியவில்லை. அது எனக்குத் தாங்க முடியவில்லை. இந்தா உனக்கு இது, இத்தனை நாள் என்று சொல்லிவிட்டால்கூட நிம்மதியாக இருக்கும்.

வீட்டைச் சுத்தம் செய்து சாவியைக் கொடுத்துவிட்டார்கள். வேலையும் போகவில்லை, மெமோ கொடுத்து வேறு செக்‌ஷனுக்கு மாற்றியிருக்கிறார்கள். வீட்டில் தரையில் பாய் போட்டுப் படுக்கிறேன். முழங்கால் வலித்தால் பயம். பல் கூசினால் பயம். சட்டைக் கையை மடிக்கும்போதெல்லாம் மணிக்கட்டை உற்றுப் பார்க்கிறேன். எதிர்வீட்டுக் குழந்தை பந்தை எடுக்க உள்ளே ஓடிவந்தது. போ போ என்று கத்திவிட்டேன். அது அழுதுகொண்டு ஓடியது.

நம் குழந்தையிடமும் நான் அப்படித்தான் கத்துவேன். அதனால்தான் போனை எடுக்கவில்லை. உன் குரல் கேட்டால் வா என்று சொல்லிவிடுவேன். உன் அப்பா வீட்டிலேயே இரு. மாதாமாதம் பணம் அனுப்புகிறேன். குழந்தை பிறந்தால் ஒரு போட்டோ எடுத்து தேசப்பன் அண்ணனிடம் கொடு. போதும்.

இம்மானுவேல்

*

ஆரணி
ஏப்ரல் 4

உங்களுக்கு,

நேற்று நானும் அம்மாவும் அந்த டாக்டரிடம் போனோம். நீங்கள் கேட்காமல் விட்டதையெல்லாம் நான் கேட்டேன். உங்கள் பக்கத்தில் படுத்தால் குழந்தைக்கு வருமா? வராது. நீங்கள் தூக்கினால்? வராது. முத்தம் கொடுத்தால்? "வராதும்மா, எத்தனை வாட்டி கேப்பே" என்றார். இன்னொரு தடவையும் கேட்டேன். உங்கள் உடம்பில் இருப்பது உங்களை மட்டும்தான் பாதிக்கும், எதுவாக இருந்தாலும். அதை அவர் சொன்னபோது அழுதேன். அழுது முடித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

எதிர்வீட்டுக் குழந்தையை வீணாக அழவைத்திருக்கிறீர்கள்.

எனக்கும் பயம்தான். உங்களைவிட அதிகம் என்றே நினைக்கிறேன். உங்களுக்கு உங்கள் முழங்கால் வலி தெரியும், எனக்கு இங்கிருந்து அதுவும் தெரியாது. அம்மா சமையலறையில் பாத்திரத்தைப் போட்டால்கூட உங்களுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் ஓடிவருகிறேன். ஆனால் ஒன்று யோசித்துப் பார்த்தீர்களா? எத்தனை வருஷம் என்று டாக்டருக்கே தெரியவில்லை. நாற்பதாக இருக்கலாம், குறைவாகவும் இருக்கலாம். எவ்வளவு இருந்தாலும் அதிலிருந்து இந்த ஒரு மாதத்தை ரேடியம் எடுக்கவில்லை, நீங்களாகவே எடுத்துவிட்டீர்கள். என்னுடையதையும் சேர்த்து. இனி ஒரு நாள்கூட நான் கொடுக்க மாட்டேன்.

தலைப்பிரசவத்துக்கு எந்தப் பெண்ணாவது எட்டாம் மாதத்தில் அம்மா வீட்டிலிருந்து புருஷன் வீட்டுக்குப் போவாளா என்று அப்பா கூடத்தில் நின்று கத்துகிறார். "ஊரு இன்னா சொல்லும்" என்கிறார். அம்மா என் துணிகளை மடித்துக்கொண்டிருக்கிறாள்.

பயப்படத்தான் போகிறோம். வருஷா வருஷம் அந்த டாக்டர் வாசலில் உட்கார்ந்து பயப்படத்தான் வேண்டும். அதை ஒரே வீட்டில் இருந்துகொண்டு செய்வோம்.

நாளைக் காலை பஸ்ஸில் வருகிறேன். தேசப்பன் அண்ணன் முன் சீட்டைக் காலியாக வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். கதவைத் தட்டுவேன். போ போ என்று கத்தினால் வெளியிலேயே உட்கார்ந்துகொள்வேன், தெரு மொத்தமும் மாடியில் நின்று பார்க்கட்டும்.

ஜெபா